ஜமாஅத்தின் மையத்து ஏற்பாடு: ஒரு பக்கத்து வீட்டுக்காரனின் மதிப்பீடு

திருச்சியில் நாங்கள் குடியிருக்கும் பேட்டையின் பள்ளிவாசல் ஜமாஅத், அதாவது அந்தப் பள்ளிவாசலைச் சேர்ந்த முஸ்லிம்களின் அமைப்பு, தன் எல்லைக்குட்பட்ட மஹல்லாவில் யாராவது இறந்துவிட்டால், செய்தி வந்த நேரம் முதல் குழியில் மண் மூடும் வரை ஆகவேண்டிய எல்லாவற்றையும் தானே முன்னின்று நடத்தித் தருகிறது. இதைத்தான் அங்குள்ளவர்கள் 'மையத்து ஏற்பாடு' என்று சொல்கிறார்கள். மையத்து என்றால் இறந்தவரின் உடல்; இறப்பையும் அப்படியே சொல்வதுண்டு. நான் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். எதிர்வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்து, தோல் மண்டியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்ற ராவுத்தர் ஒருவர் அண்மையில் காலமானபோது, இரவிலிருந்து மறுநாள் அடக்கம் முடியும் வரை உடன் இருந்தேன். அதற்கு முன்பும் அந்தத் தெருவில் சில மையத்துகளுக்குப் போய் வந்திருக்கிறேன். துக்க வீட்டுக்கு யார் எந்தச் சேவையை எப்படிச் செய்கிறார்கள் என்பது எல்லோருக்கும் ஒருநாள் தேவைப்படும் தகவல் என்பதால், பார்த்தவற்றை நிறை குறைகளோடு எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்திடம் எந்தத் தீர்மானத்தையும் கேட்காத ஏற்பாடு இது. பாடை எப்படிக் கட்டுவது, மேளம் வைப்பதா வேண்டாமா, பூ எத்தனை ரூபாய்க்கு, எந்த வண்டி, மயானத்தில் யாருக்கு எவ்வளவு என்று, என் தகப்பனார் காலமான அன்று நானும் என் தம்பியும் கண்ணீருக்கு நடுவில் பேரம் பேசிய எதையும் ராவுத்தரின் மகன்கள் பேச வேண்டியிருக்கவில்லை. குறைகள் வேறு இடத்தில் இருக்கின்றன: கபர்ஸ்தான் என்னும் அடக்கத்தலத்தின் பராமரிப்பிலும், வெளியாட்களுக்கு வழிகாட்டுவதிலும், பெண்களுக்கு ஒதுக்கப்படும் இடத்திலும்.

இஷா என்னும் இரவுத் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் பெரியவரின் உயிர் பிரிந்தது. இளைய மகன் பள்ளிவாசலுக்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் செய்தார். முக்கால் மணி நேரத்துக்குள், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரும் நான்கு இளைஞர்களும் ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள் கேட்ட ஒரே கேள்வி, வெளியூரிலிருந்து யாருக்காகவாவது காத்திருக்க வேண்டுமா என்பது. மூத்த மகன் ஷார்ஜாவில் இருந்தார். காலையில் நேராகத் திருச்சிக்கே வந்திறங்கும் விமானத்தில் அவருக்கு இடம் கிடைத்துவிட்டது. அப்படியானால் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அங்கேயே முடிவானது. இறந்தவரைத் தாமதமின்றி அடக்கம் செய்வதுதான் இவர்களுடைய மார்க்கத்தின் விருப்பம். வளைகுடாவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காகவே ஜமாஅத் ஐஸ் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறது என்றாலும், ஒருநாளுக்கு மேல் காத்திருக்கச் சொன்னால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு குடும்பத்துக்கு நல்லதாகவே எனக்குப் பட்டது. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சித்தப்பாவும் வந்து சேரட்டும் என்று இரண்டு நாள் வைத்திருந்து, வீட்டிலுள்ளவர்கள் உறக்கமில்லாமல் சரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன்.

அறிவிப்பு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் வருகிறது. 'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்' என்று தொடங்கி, இன்னாரின் மகன், இன்னாரின் தகப்பனார், இன்ன தெருவில் இருப்பவர் மௌத்தாகிவிட்டார்கள், நாளை லுஹருக்குப் பின் ஜனாஸா (இறந்தவருக்கான தொழுகை) தொழவைத்து அடக்கம் செய்யப்படும், அன்னாரின் மஃபிரத்துக்கு (பாவமன்னிப்புக்கு) துஆ (வேண்டுதல்) செய்யுங்கள் என்று முடிகிறது. வாசகம் கச்சிதமானது, ஒலிதான் மோசம். கூம்பு ஒலிபெருக்கியில் எதிரொலி கலந்து, சரியாகப் பெயர் வரும் இடத்தில்தான் சொற்கள் கரைந்துபோகின்றன. தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்து, யாராம், யாராம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். இப்போது வாட்ஸ்அப் குழுவிலும் அதே செய்தி வருவதால் குழப்பம் சற்றுக் குறைந்திருக்கிறது. ஆனால் அந்தக் குழுவில் எங்களைப் போன்ற மற்றச் சமயத்து அண்டை வீட்டார் இல்லை.

மையத்தைக் குளிப்பாட்டுவது முன்பெல்லாம் வீட்டுக் கொல்லையில் நடக்கும். அடுக்குமாடிகள் வந்த பிறகு அதற்கு இடமில்லாமல், பள்ளிவாசலின் பக்கவாட்டில் ஓர் அறை கட்டியிருக்கிறார்கள். நடுவில் தண்ணீர் வடிவதற்கு வாட்டமாகப் போடப்பட்ட கல் மேடை, மேலே குழாய், சுவரோரம் கையுறைகளும் வாளிகளும், ஓர் அலமாரியில் மடித்த வெள்ளைத் துணிகள். ராவுத்தரின் குடும்பம் இரண்டாம் மாடியில் இருந்ததால், காலையில் குறுகலான மாடிப்படியில் அவரைச் சுமந்து இறக்கியதுதான் அன்றைய தினத்தின் கடினமான வேலை. இளைஞர்கள் ஒரு தடித்த ஜமுக்காளத்தின் நான்கு முனைகளையும் முறுக்கிப் பிடித்து, திரும்பும் இடங்களில் ஒருவருக்கொருவர் கண்ணாலேயே சொல்லிக்கொண்டு, உடம்பு எங்கும் இடிக்காமல் கொண்டுவந்தார்கள். மடக்கும் ஸ்ட்ரெச்சர் ஒன்றை ஜமாஅத் வாங்கி வைக்கலாம்.

குளிப்பாட்டும் அறைக்குள் நெருங்கிய உறவினரும் முறை தெரிந்தவர்களும் மட்டுமே போகிறார்கள். ஆண்களை ஆண்களும் பெண்களைப் பெண்களும் குளிப்பாட்டுகிறார்கள். நான் வாசல் திரைக்கு வெளியே இருந்தேன். உள்ளே போகும் முன், பழுத்த அனுபவம் உள்ள ஒருவர் மகன்களையும் பேரனையும் நிறுத்தி, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிக்கொடுத்தார். தொப்புள் முதல் முழங்கால் வரை துணி எந்த நேரத்திலும் விலகக் கூடாது. வயிற்றை மெதுவாக அழுத்திக் கழிவு அகற்ற வேண்டும். தொழுகைக்கு ஒளு செய்வதுபோல முதலில் முகம் கைகால்களைக் கழுவ வேண்டும். பிறகு வலப்பக்கம், அதன்பின் இடப்பக்கம், மூன்று முறை. போதவில்லையென்றால் ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் நிறுத்த வேண்டும். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கரைக்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, 'உள்ளே எதைப் பாத்தாலும் வெளியே வந்து யாருகிட்டயும் சொல்லப்படாது. நல்லதா இருந்தா மட்டும் சொல்லலாம்' என்றார். நோயில் கிடந்து நலிந்த உடம்பைப் பற்றி எந்தப் பேச்சும் அந்த அறையைத் தாண்டாது என்ற இந்த விதியை எந்த மருத்துவமனையிலும் சுவரில் எழுதி மாட்டலாம்.

பேரனுக்குப் பதினாறு வயதிருக்கும். அவன் கையில் குவளையைக் கொடுத்துத் தோளைத் தொட்டு உள்ளே அழைத்துப் போனார்கள். கூலிக்கு ஆள் வைத்து உடம்பைக் கழுவும் வழக்கம் இங்கே இல்லை. முறை தெரிந்தவர் பக்கத்தில் நின்று சொல்ல, பிள்ளைகளே செய்கிறார்கள். திரைக்கு இந்தப்புறம் தண்ணீர் விழும் ஓசையும், 'மெதுவா, மெதுவா, தலையைத் தாங்கிக்க' என்ற குரலும் மட்டும் கேட்டன.

இறந்தவரின் உடலைச் சுற்றும் கஃபன் துணி ஜமாஅத்தின் அலமாரியிலேயே அளவாக வெட்டித் தயாராக இருக்கிறது. ஆண்களுக்கு மூன்று துணிகள், பெண்களுக்கு ஐந்து. தைக்காத, சாதாரண வெள்ளைப் பருத்தித் துணி. சாம்பிராணிப் புகை காட்டி, நெற்றி, மூக்கு, உள்ளங்கைகள், முழங்கால்கள், பாதங்கள் என்று தொழுகையில் தரையைத் தொடும் இடங்களில் கற்பூரம் தடவி, அத்தர் தெளித்துச் சுற்றுகிறார்கள். தலைமாட்டிலும் இடுப்பிலும் கால்மாட்டிலும் துணிப்பட்டியால் கட்டு. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: தோல் மண்டி முதலாளி ஒருவர் சில மாதங்களுக்கு முன் இறந்தபோதும் இதே அலமாரியிலிருந்து இதே துணிதான் எடுக்கப்பட்டது. உயர்ந்த ரகம் வேண்டும் என்று கேட்பதற்கு இங்கே இடமே இல்லை. சேவை ஒன்றில் 'சாதாரணம்', 'சிறப்பு' என்று இரண்டு விலைப்பட்டியல் இல்லாதிருப்பதை வாடிக்கையாளர் என்ற முறையில் நான் இதற்கு முன் எங்கும் கண்டதில்லை.

முகம் பார்ப்பதற்காக மறுபடியும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒப்பாரி வைத்து மாரில் அடித்து அழுவதை மார்க்கம் தடுக்கிறது. கண்ணீர் விடுவதைத் தடுக்கவில்லை. உள் அறையில் பெண்கள் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகள் மட்டும் 'அத்தா, அத்தா' என்று குரலெடுத்தபோது, வயதான ஓர் அம்மாள் அவரை அணைத்துக்கொண்டு, 'சபூர் செய்யி தாயி, சபூர் செய்யி' என்று பொறுமை சொன்னார். எங்கள் வீடுகளில் ஒப்பாரி பாடியே துக்கத்தை இறக்கிவைக்கும் பாட்டிகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, இப்படி அழுகையை அடக்கிக்கொள்வது அந்தப் பெண்ணுக்கு ஆறுதலா, கூடுதல் சுமையா என்று சொல்லத் தெரியவில்லை. கடைசியாக முகம் பார்க்கும் வரிசையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி நேரம் ஒதுக்கப்பட்டது. பெண்கள் நேரம் முடிந்த பிறகு வந்த என் மனைவியும் இன்னும் இருவரும் முகம் பார்க்காமலே திரும்பினார்கள். எத்தனை மணிக்கு என்று முன்பே சொல்லியிருந்தால் அது நேர்ந்திருக்காது.

சந்தூக் என்பது பள்ளிவாசலுக்குச் சொந்தமான, மூடியோடு கூடிய நீண்ட பெட்டி. வேலை முடிந்ததும் அது பள்ளிவாசலுக்கே திரும்பிவிடும். அடுத்தவருக்கும் அதே பெட்டிதான். அதன்மேல் குர்ஆன் வசனம் நெய்த பச்சைப் போர்வை, மல்லிகைச் சரம் சில. தூக்கியதும் வேகநடை. தாரை தப்பட்டை, வெடி, வழிநெடுகப் பூ இறைத்தல் எதுவும் இல்லை. 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்ற கலிமா ஒரே தாளத்தில் கூடவே வருகிறது. எதிரே வந்த ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்து தோள் கொடுத்து, இருபது முப்பது அடி நடந்து, அடுத்தவருக்கு மாற்றிவிட்டுத் திரும்பிப் போனார். அவருக்கு இறந்தவர் யாரென்றே தெரியாது. தோள் கொடுக்க நானும் விரும்பியபோது யாரும் பெயரோ சமயமோ கேட்கவில்லை. 'வாங்க சார், இந்தப் பக்கம் வாங்க' என்று இடம் விட்டார்கள்.

இந்தச் சேவை கட்டணமின்றி நடப்பதற்கான காரணம், மார்க்கம் இதைக் கணக்கில் வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. இறந்தவரைக் குளிப்பாட்டி, கஃபனிட்டு, தொழுது, அடக்குவது 'பர்ளு கிஃபாயா', அதாவது ஊரின் மேல் விழும் கடமை. சிலர் செய்துவிட்டால் எல்லோருக்கும் கடமை நீங்கும். எவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. ஆகையால் ஆதரவற்று இறந்தவரானாலும் ஜமாஅத் கையை விரிக்க முடியாது. தொண்டு மனப்பான்மையை மட்டும் நம்பி நடக்கும் சேவைகள் ஆர்வலர்கள் சலித்ததும் நின்றுபோகின்றன. இது நின்றுபோகாததற்கு அந்தச் சட்டம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

பள்ளிவாசலில் லுஹர் முடிந்ததும் சந்தூக்கை வெளி முற்றத்தில் வைத்தார்கள். இங்கே ஹனஃபி மத்ஹப் என்னும் மார்க்கச் சட்டப்பிரிவினர் அதிகம்; அவர்கள் பள்ளியின் உள்ளே ஜனாஸா தொழுவதை விரும்புவதில்லை. தொழுகைக்கு முன், அன்று காலை விமானத்தில் வந்திறங்கிய மூத்த மகன் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று பேசியதை அப்படியே தருகிறேன்: 'எங்க அத்தா யாருக்காச்சும் கொடுக்கல் வாங்கல் பாக்கி வெச்சிருந்தா, என்கிட்டயோ தம்பிகிட்டயோ வந்து சொல்லுங்க, நாங்க கொடுத்துடறோம். பேச்சாலயோ நடத்தையாலயோ யாரு மனசையாச்சும் நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காக மன்னிச்சிடுங்க.' கூட்டத்தில் 'மன்னிச்சிட்டோம்' என்ற முணுமுணுப்பு பரவியது. இது வெறும் சம்பிரதாயப் பேச்சன்று. இறந்தவரின் சொத்திலிருந்து முதலில் அடக்கச் செலவு, அடுத்து கடன், அதன்பின் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத மரண சாசனம், மிஞ்சியதுதான் வாரிசுகளுக்கு என்பது அவர்களின் பாகப்பிரிவினை வரிசை. அடுத்த வாரமே முக்குக் கடை மளிகைக்காரர் ஒரு துண்டுச் சீட்டோடு அந்த வீட்டுக்குப் போனார். மகன் தொகையைக் கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது இருந்தாலும் சொல்லுங்கள் என்று கேட்டதாக மளிகைக்காரரே என்னிடம் சொன்னார். அவர் எங்கள் ஊர்க் கோயில் தர்மகர்த்தாக்களில் ஒருவர். நம்மிடமும் இப்படி ஓர் அறிவிப்பு இருந்தால் எத்தனை பங்காளிச் சண்டை தீரும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

ஜனாஸாத் தொழுகை முழுவதும் நின்றபடியே நடக்கிறது. குனிதலும் தரையில் நெற்றி வைத்தலும் இல்லை. 'அல்லாஹு அக்பர்' என்று சொல்லும் தக்பீர் நான்கு, இடையிடையே இறைப்புகழும் நபி மீதான ஸலவாத் என்னும் வாழ்த்தும் இறந்தவருக்கான வேண்டுதலும், கடைசியில் இருபக்கமும் ஸலாம். சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலோர் முதல் தக்பீரில் மட்டும் கை உயர்த்தினார்கள். ஆங்காங்கே சிலர் நான்கு முறையும் உயர்த்தினார்கள். மத்ஹபு வேறுபாடு என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். அதை வைத்து யாரும் யாரையும் முறைக்கவில்லை. எங்களைப் போன்று தொழாதவர்கள் எங்கே நிற்பது என்பதுதான் தெரியவில்லை. சுமார் இருபது பேர் செருப்பு விடும் இடத்தருகே வெயிலில் ஒண்டிக்கொண்டு, வருவோர் போவோருக்கு இடைஞ்சலாக நின்றோம். ஒரு நிழலும் நான்கு பெஞ்சுகளும் போதும்.

கபர்ஸ்தானில் குழி காலையிலேயே வெட்டி முடித்திருந்தார்கள். நடுத்தர உயரமுள்ள ஒருவரின் மார்பளவு ஆழம். அடியில் இன்னும் குறுகலாக ஓர் அறை. இரண்டு மகன்களும் ஒரு மருமகனும் உள்ளே இறங்கினார்கள். மேலிருந்து இறக்கும்போது 'பிஸ்மில்லாஹி வஅலா மில்லத்தி ரசூலில்லாஹ்' என்று சொல்லிக்கொண்டே கைமாற்றினார்கள். தலை வடக்கே, கால் தெற்கே, வலப்பக்கமாகச் சாய்த்து முகம் மேற்கே, தொழும் திசையான கிப்லாவை நோக்கி. முதுகுப்பக்கம் சரியாமலிருக்க ஈரமண் கட்டிகளை அண்டக் கொடுத்து, கட்டுகளை அவிழ்த்தார்கள். வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்று சிறுவயதில் அதட்டி வளர்க்கப்பட்டவர்களுக்கு அந்தத் திசை சற்று உறுத்தும். மக்கா நமக்கு மேற்கே இருப்பதால் வருகிற கணக்கு அது. அறையின் மேல் பலகைகளைக் குறுக்காக அடுக்கி, இடுக்குகளைக் களிமண்ணால் பூசிய பிறகுதான் மண் தள்ளினார்கள். ஆகவே உடம்பின்மேல் நேராக மண் விழுவதில்லை. என் சமயத்தில் புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் உடம்பின்மேலே மண் கொட்டும்போது பிள்ளைகள் துடிப்பதைப் பார்த்திருப்பதால், இந்தப் பலகை ஏற்பாடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குப் புரிந்தது.

பிறகு ஒவ்வொருவரும் தலைமாட்டில் மூன்று பிடி மண் போடுகிறார்கள். இதிலிருந்தே உங்களைப் படைத்தோம், இதற்குள்ளேயே உங்களைத் திருப்புவோம், இதிலிருந்தே மற்றொரு முறை உங்களை வெளிப்படுத்துவோம் என்ற பொருளுள்ள குர்ஆன் வசனத்தின் மூன்று பகுதிகளையும் மூன்று பிடிக்கும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். தயங்கி நின்ற எங்களை மோதினார் பார்த்துவிட்டு, 'நீங்களும் போடலாங்க, உங்க சினேகிதர்தானே' என்றார். அன்று வெளியாட்களை நோக்கிச் சொல்லப்பட்ட ஒரே வழிகாட்டல் அதுதான். அதுவும் மோதினாரின் நல்ல மனத்தால் வந்தது. மண்ணை ஒரு சாண் உயரத்துக்குக் குவித்து, தண்ணீர் தெளித்து, பச்சைக் கிளை ஒன்றை நட்டு, துஆ ஓதிக் கலைந்தார்கள். புதைத்தே ஆக வேண்டும் என்பதில் இவர்கள் எவ்வளவு உறுதியானவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை: இலங்கையில் 2020ஆம் ஆண்டு கொரோனாவைக் காரணம் காட்டி முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தபோது எழுந்த வேதனைக் குரல் உலகமெங்கும் கேட்டது, 2021இல் அந்த ஆணை விலக்கப்பட்டு, கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதே 2020இல் தமிழ்நாட்டில் தமுமுக (தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம்) போன்ற அமைப்புகளின் தொண்டர்கள், உறவினரே நெருங்க அஞ்சிய எல்லாச் சமயத்து உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கமோ தகனமோ செய்துகொடுத்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

கபர்ஸ்தானின் நிலைமையைப் பற்றிக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நுழைவாயிலிலிருந்து முதல் ஐம்பது அடிதான் சிமென்ட் பாதை. அதற்கப்பால் சீமைக் கருவேல முள்ளும், பழைய குழிகள் உள்வாங்கிய பள்ளங்களும். சந்தூக்கைச் சுமந்தவர்களில் ஒருவர் கால் இடறி, நல்லவேளையாகப் பின்னாலிருந்தவர் தாங்கிக்கொண்டார். விளக்கு ஒன்றுகூட இல்லை. மழைக்காலத்தில் இரவு அடக்கம் என்றால் கைப்பேசி வெளிச்சத்தில்தான் நடக்கிறது என்றார்கள். கபர்களுக்கு, அதாவது அடக்கக் குழிகளுக்கு, அடையாளமாக நடும் மீஸான் கற்கள் சில நிமிர்ந்தும் பல சாய்ந்தும் கிடக்கின்றன. இடநெருக்கடியால் பல ஆண்டுகள் கழிந்த குழிகளிலேயே மறுபடியும் வெட்டுகிறார்கள். எந்த வரிசையில் யார் என்பதற்கு வரைபடம் கிடையாது, குழி வெட்டும் முதியவரின் ஞாபகம்தான் வரைபடம். கபர்களின் மேல் கட்டடம் எழுப்பக் கூடாது என்ற மார்க்கக் கட்டளையைக் கடைப்பிடிப்பது ஒன்று, நடக்கும் பாதையைச் சீர்செய்யாமல் விடுவது வேறொன்று. பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியிடம் இதைச் சொன்னபோது அவரும் ஒத்துக்கொண்டார்.

அடக்கம் முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குப் போய்த் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தோம். அவர்களோ கைகால் கழுவிவிட்டு நேராக வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவர்களிடம் துக்கம் உண்டு, தீட்டு இல்லை. அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்தும் சம்பந்தி வீட்டிலிருந்தும் சோறும் தாளிச்சாவும் வந்தன. துக்க வீட்டாருக்கு மற்றவர்கள் சமைத்துக் கொடுக்க வேண்டும் என்பது நபிமொழி. எங்கள் வீட்டிலிருந்து அனுப்பிய இட்லியும் சட்னியும் தயக்கமின்றி வாங்கப்பட்டன.

பொதுவாகத் துக்கம் காப்பது மூன்று நாள்தான். மனைவிக்கு மட்டும் நான்கு மாதமும் பத்து நாளும் 'இத்தா' என்னும் காத்திருப்புக் காலம். கருவுற்றிருந்தால் பிரசவம் வரை. வளையலும் மூக்குத்தியும் கழற்றி, வெள்ளைச் சேலை உடுத்து, அவசியமில்லாமல் வீட்டைவிட்டு வெளியே வராமல், நெருங்கிய உறவல்லாத ஆண்களைப் பார்க்காமல் இருக்கிறார்கள். பல்லாண்டு பழகிய அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லக்கூட எனக்கு வழியில்லை. என் மனைவி போய்ப் பார்த்து வந்தார். 'கெடு முடிஞ்சதும் நல்ல சேலை உடுத்துவேன்' என்று அந்த அம்மாள் சொன்னதாக மனைவி சொன்னார். காலம் முடிந்தால் கோலமும் முடிகிறது, மறுமணத்துக்கும் தடையில்லை என்பது ஆயுள் முழுவதும் கைம்மைக் கோலம் சுமத்திய எங்கள் பழைய வழக்கத்தைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஜமாஅத்தின் சேவை எதுவும் இல்லை. ஆண்களுக்கான வேலை கபர்ஸ்தான் வாசலோடு முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு மருந்து வாங்குவது, வங்கிக்குப் போவது, ஓய்வூதியப் படிவம் நிரப்புவது ஆகியவற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. பெண்கள் பொதுவாக அடக்கத்துக்கும் வருவதில்லை. ராவுத்தரின் மகள் தகப்பனாரின் கபர் எந்த மூலையில் இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மூன்றாம் நாள், ஏழாம் நாள், நாற்பதாம் நாள் இறந்தவருக்காகப் பாத்திஹா ஓதி உணவு கொடுப்பது பற்றி ஊரில் இரு கட்சி உண்டு. பாரம்பரிய வழியில் நிற்பவர்கள் ஓதுகிறார்கள். தவ்ஹீத் கொள்கையினர் இது மார்க்கத்தில் இல்லாதது என்று விலகிக்கொள்கிறார்கள். இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நாற்பதாம் நாள் நெய்ச்சோற்றுக்குக் கடன் வாங்கும் குடும்பங்கள் இருப்பதை மட்டும் அறிவேன். அடக்கத்தில் ஜமாஅத் மிச்சப்படுத்திக் கொடுத்த பணத்தைப் பந்தி தின்றுவிடுகிறது.

செலவைப் பொறுத்தவரை, குழி வெட்டியவர்களின் கூலியும் கஃபன் துணியின் விலையும் தவிரக் குடும்பத்துக்கு வேறு எதுவும் இல்லை. முடியாதவர்களுக்கு அதையும் ஜமாஅத்தே ஏற்கிறது. பூக்காரருக்கு மட்டும் என் தகப்பனாரின் இறுதிப் பயணத்தில் நாங்கள் கொடுத்ததைவிட இது குறைவு. அடக்கம் ஆன மறுநாளே பதிவேட்டில் பெயரேற்றிக் கடிதம் கொடுத்துவிடுகிறார்கள். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு இருப்பதால் மாநகராட்சி அலுவலகத்தில் அந்தக் கடிதம் மிகவும் உதவியது. சில ஊர்களில் ஜமாஅத்துக்குக் கட்டும் சந்தாவின் பாக்கியைக் காரணம் காட்டியோ கொள்கை வேறுபாட்டாலோ அடக்கத்துக்கு இடம் கொடுக்கத் தகராறு எழுவதுண்டு. எங்கள் பேட்டையில் சந்தாப் பேச்சை அடக்கம் முடியும் வரை எடுப்பதில்லை என்ற தீர்மானம் இருக்கிறது. அதை எழுத்தில் பலகையாக மாட்டிவைத்தால் ஏழைக் குடும்பங்களுக்கு நடுக்கம் இராது.

முதன்முறை இத்தகைய வீட்டுக்குப் போகும் மற்றச் சமயத்தாருக்கு: மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டாம்; வாங்கிப்போனால் மறுக்க மாட்டார்கள், ஆனால் ஓரமாகத்தான் வைப்பார்கள். பெண்கள் தலையை மூடிக்கொள்ளும் அளவுக்கு ஒரு துப்பட்டாவோ சேலைத் தலைப்போ போதும். அறிவிப்பில் சொன்ன தொழுகைக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள், நேரம் பிசகுவதில்லை. ஐஸ் பெட்டியை எந்தச் சமயத்தார் கேட்டாலும் கொடுக்கிறார்கள், வாடகை கிடையாது. நன்கொடை கொடுத்தால் ரசீது தருகிறார்கள். வண்டியில் ஏற்றி இறக்க நான்கு பேரையும், மின் இணைப்புக்கு நீளமான ஒயர் ஒன்றையும் நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்; பெட்டியோடு வரும் ஒயர் நடுக்கூடம் வரை எட்டாது.